எம்.சி.யால் தீராத அலுப்பு

விடியுமுன் கிள்ளானில் கொமியூட்டர் ஏறி, பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரலில் இறங்குகிறவர்களைக் கவனித்தால் இரண்டு வகை அலுப்பு தெரியும். உட்கார இடம் கிடைத்ததும் கண் அயர்கிறவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போதும். கண்ணைத் திறந்துகொண்டே எதையும் பார்க்காமல் வருகிறவருக்குப் போதாது. “உடம்புக்கு ஒன்னும் இல்லலா, மனசு விட்டுப்போச்சு” என்பார்.

நியூயார்க் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974-இல் ‘பர்ன் அவுட்’ என்று எழுதியது இந்த நிலையைத்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோய் என்று சொல்லவில்லை. வேலையால் வரும் நிலை என்றே வகைப்படுத்தியது. தெம்பு வற்றும், வேலையின் மேல் கசப்பு ஏறும், செய்கிற வேலை உருப்படாது என்று தோன்றும். கசப்புதான் கொடியது. வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பெண், ஒருநாள் முதல் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ரசீதை நீட்டுவாள். எம்.சி. எடுத்து இரண்டு நாள் படுத்தாலும் அது இறங்காது.

வீட்டில் சொன்னால், “தாத்தா தோட்டத்தில் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, உங்களை ஆளாக்கவில்லையா?” என்பார்கள். அந்தத் தாத்தாக்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் போன்றோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், சீனருக்கு இணையான கூலியும், துரை எதிரே வந்தாலும் சைக்கிளைவிட்டு இறங்காத உரிமையும் கேட்டார்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும் என்பதும் அந்தக் கோரிக்கைகளில் ஒன்று. துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. அலுப்பைச் சோம்பல் என்று திட்டுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

வேலைச் சட்டத் திருத்தத்தால் 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48-லிருந்து 45 மணியாகக் குறைந்தது. நல்லதுதான். ஆனால் மாதத்துக்கு 104 மணி நேரம்வரை ஓ.டி. செய்ய விதி இன்னும் இடம் தருகிறது. அதை முழுதாகச் செய்தால் வாரம் 69 மணியைத் தொடும். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்குகிறவருக்கோ அந்த ஓ.டி.க்குச் சட்டப்படி காசு கிடையாது.

அதே திருத்தத்தில் பயன்படும் பிரிவு ஒன்றும் இருக்கிறது. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுதிக் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்; மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள். காலை எட்டு மணி வேலையைப் பத்துக்கு மாற்றிக் கொடுத்தாலே, கிள்ளானிலிருந்து வருகிறவர் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, நெரிசல் தணிந்த வண்டியில் உட்கார்ந்து வரலாம்.