பேனரும் பெட்ரோல்தான் தம்பி!



போன செமஸ்டரில் நம்ம டிபார்ட்மெண்ட் சார்பாக பிளாஸ்டிக் ஒழிப்புப் பேரணி நடத்தினோம், ஞாபகம் இருக்கா? ஏற்பாடு செய்தவர்களில் நானும் ஒருத்தன். பெரிய ஃப்ளெக்ஸ் பேனர், எல்லாருக்கும் பச்சை கலர் பாலியெஸ்டர் டி-ஷர்ட், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். பேரணி முடிஞ்சு பேனரைச் சுருட்டிக்கிட்டு இருந்தப்போ முதலாம் ஆண்டுத் தம்பி ஒருத்தன் வந்தான். "அண்ணா, இந்த பேனர் எதுல செஞ்சது?"ன்னு கேட்டான். நக்கலா கேட்டானா, நிஜமாவே கேட்டானான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

"பி.வி.சி.டா"ன்னு சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைச்சது. அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரை.

கச்சா எண்ணெயிலிருந்து நம்ம ரூம் வரை

கெமிக்கல் டிபார்ட்மெண்ட் நண்பர்கள் மன்னிக்கணும், சுருக்கமாகத்தான் சொல்லப் போகிறேன். கச்சா எண்ணெயைச் சுமார் 350 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, காய்ச்சி வடிக்கும் கோபுரத்துக்குள் அனுப்புவார்கள். கொதிநிலை குறைவானவை மேலே போகும்: சமையல் கேஸ், பெட்ரோல், நாப்தா. நடுவில் மண்ணெண்ணெய், டீசல். அடியில் தங்குவதில்தான் தார் இருக்கிறது.

இதில் நாப்தாவை நீராவியோடு சேர்த்து 800 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அது உடைந்து எத்திலீன், புரொப்பிலீன் போன்ற வாயுக்கள் கிடைக்கும். எத்திலீனைச் சங்கிலியாகக் கோத்தால் பாலித்தீன் பை. அதோடு குளோரினைச் சேர்த்தால் பி.வி.சி., அதாவது எங்க பேனர். புரொப்பிலீனைக் கோத்தால் மெஸ்ஸில் நாம உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி.

இப்போ உங்க ரூமை ஒரு சுத்து பாருங்க. டூத் பிரஷ், பக்கெட், பேனா, செருப்பு, மொபைல் கவர், லேப்டாப் கீபோர்டு, கொடியில் காயும் பாலியெஸ்டர் சட்டை. காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலின் மூலப்பொருள்கூட பெட்ரோலியத்திலிருந்துதான் வருகிறது. ஆக, "நான் பெட்ரோலியப் பொருளே பயன்படுத்த மாட்டேன்"னு சபதம் எடுத்தால், வெறுங்காலோடு தார் ரோட்டைத் தொடாமல் காலேஜுக்கு வரணும். நடக்கிற காரியமா?

எடை போட்டுப் பார்ப்போமா?

எல்லாமே பெட்ரோலியம்தான்னா எதைக் குறைக்கிறது? அதுக்குத்தான் கணக்கு.

காலேஜ் கேட்டிலிருந்து டீக்கடை ஒன்றரை கிலோமீட்டர். போய் வர 3. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஆக தினமும் 6 கிலோமீட்டர். வருஷத்துக்கு 200 வேலை நாள் என்றால் 1,200 கிலோமீட்டர். என் பைக் லிட்டருக்கு 45 கொடுக்கும். அப்படியென்றால் டீக்கு மட்டும் கிட்டத்தட்ட 27 லிட்டர் பெட்ரோல்! லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 2,700 ரூபாய். டீக் காசு தனி.

அடுத்தது புகை. ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். அதில் 640 கிராம் அளவுக்கு கார்பன். எரியும்போது ஒவ்வொரு 12 கிராம் கார்பனும் காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாக மாறும். அதனால்தான் முக்கால் கிலோ பெட்ரோலிலிருந்து 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது. எத்தனால் கலப்பைச் சேர்க்காமல் போட்ட கணக்கு இது. என் டீப் பயணத்துக்கு வருஷம் சுமார் 61 கிலோ. என் எடையே 58 கிலோதான்!

இன்னொரு கணக்கும் போட்டேன். அந்த 27 லிட்டரின் எடை ஏறக்குறைய 20 கிலோ. ஒரு கேரி பேக் 5 கிராம் என்றால், அது 4,000 பைகளின் எடை. "கவர் வேணாம்ணே"ன்னு கடைக்காரரிடம் தினமும் ஒரு பையை மறுத்தாலும், 4,000 பை சேர 10 வருஷத்துக்கு மேல் ஆகும். மறுத்துட்டு அதே கடையிலிருந்து பைக்கை உதைச்சு கிளம்புறவன் நான்!

பை பரவாயில்லைன்னு சொல்ல வரல. பை வேற மாதிரி கெடுதல். சாக்கடையை அடைக்கும், மாட்டின் வயிற்றில் தங்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகையான ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்தது சரிதான். ஆனா பை கண்ணுக்குத் தெரியுது, குற்ற உணர்ச்சி வருது. புகை தெரியல, அதனால வரல. உலகில் எடுக்கிற எண்ணெயில் பெரும்பகுதி எரிந்துதான் போகிறது. அதிலும் பைக் எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகும். மீதி எஞ்சின் சூடாகவும் சைலன்சர் வழியாகவும் வீண்.

அப்போ தப்பு நம்ம மேலயா?

இங்கே ஒரு சுவாரசியமான தகவல். 'உங்கள் கார்பன் தடம் எவ்வளவு?' என்று மக்கள் தாங்களே கணக்குப் போட 2004-ல் இணையத்தில் ஒரு கால்குலேட்டரை வைத்தது யார் தெரியுமா? பிபி என்ற பிரிட்டன் எண்ணெய் நிறுவனம்! எண்ணெய் எடுத்து விற்கிறவரே "நீங்க எவ்வளவு எரிக்கிறீங்க பாருங்க"ன்னு நம்ம பக்கம் விரலை நீட்டுகிறார்.

இதைப் படிச்சதும் எனக்கு ஒரே நிம்மதி. "அப்பாடா, தப்பு அவங்க மேல"ன்னு. ஆனா அந்த நிம்மதி நிலைக்கல. காரணம் எண்ணூர். இந்தியாவுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது, அதுவும் பெரும்பாலும் கப்பலில். 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியது. கரையில் ஒட்டிய கசடை மீனவர்களும் மாணவர்களும் வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்து, பல நாள் தொழில் போச்சு. டீ குடிச்சது நான். விலை கொடுத்தது யாரோ. இதில் எனக்குப் பங்கே இல்லைன்னு எப்படிச் சொல்ல முடியும்?

என் கையில் இருப்பது

கடைசியில் நான் என் பெட்ரோலிய உபயோகத்தை மூன்றாகப் பிரித்தேன்.

முதலாவது, என் கையில் இல்லாதது. மருந்து, மாத்திரை, ரோடு, லேப்டாப். இதுக்கு மனசைப் போட்டு உழப்பிக்க வேண்டாம். வாங்கியதை நீண்ட நாள் பயன்படுத்தினால் போதும்.

இரண்டாவது, முழுக்க என் கையில் இருப்பது. காலை டீ இப்போ கேன்டீனில். சாயங்காலம் நடை. பைக் எடுத்தே ஆகணும்னா இரண்டு பேர். டயரில் காற்று சரியா இருக்கணும், சிக்னலில் எஞ்சினை அணைக்கணும். அடுத்த நிகழ்ச்சிக்குத் துணி பேனர், நம்ம கையாலேயே பெயின்ட்.

மூன்றாவது, தனியா முடியாதது. நம்ம காலேஜ் பஸ் 4.30-க்கே கிளம்பிடுது. பிராஜெக்ட் முடிய 5.30 ஆகுது. அதனாலேயே எத்தனையோ பேர் பைக்கில் வர்றாங்க. இதில் 'தனிமனிதப் பொறுப்பு' என்பது பைக்கை விடுவது மட்டும் இல்லை, 5.45-க்கு ஒரு பஸ் விடுங்கன்னு கேட்பதும்தான். மனு எழுதி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட விரும்புறவங்க தமிழ் மன்ற அறைக்கு வாங்க.

அப்புறம், அந்தத் தம்பியைத் தேடிப் பிடித்துச் சொல்லிட்டேன், "பேனரும் பெட்ரோல்தான் தம்பி"ன்னு. "அப்போ அடுத்த பேரணிக்கு என்னண்ணா பண்றது?"ன்னு கேட்டான். துணியும் பிரஷ்ஷும் வாங்குற வேலையை அவன்கிட்டயே கொடுத்தாச்சு.

நீங்களும் ஒரு தடவை உங்க டீக் கணக்கைப் போட்டுப் பாருங்க. என்னை விடக் குறைவா வந்தா, சாயங்கால டீ என் செலவு. நடந்துதான் போகணும்!