நிற்கும் காற்றும் நடக்கும் காற்றும்

கோடை வந்துவிட்டால் ஜன்னல்களுக்குத் திரையிடுகிறோம், வாயிற்கதவைச் சாத்துகிறோம், வசதியுள்ளவர்கள் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளிக்கிறார்கள். ஆனால், காலை முதல் மாலை வரை வெயிலைத் தன் தலையில் தாங்கி நிற்கும் கூரையைப் பற்றி நாம் எண்ணுவது அரிது. மழைக்காலத்தில் அது ஒழுகினால்தான் அண்ணாந்து பார்க்கிறோம். மழையைப் போலவே வெப்பமும் கூரை வழியே ஒழுகும் என்பதை மறந்துவிடுகிறோம்.

மேகமற்ற கோடை நாளின் நண்பகலில், ஒரு சதுர மீட்டர் கூரையின்மீது ஏறத்தாழ 1,000 வாட் அளவு சூரிய சக்தி விழுகிறது. பத்துச் சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு சிறிய அறையின் கூரையில், பத்து மின்சார அடுப்புகளை ஒருங்கே எரியவிட்டதற்கு இது சமமாகும். கருநிறமான கூரை இதில் பெரும் பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. தகரக் கூரையானால் அந்த வெப்பம் சில நிமிஷங்களிலேயே உள்ளே இருப்பவர்களின் தலையைத் தாக்கும். கான்கிரீட் தளமானால் மெல்ல மெல்லச் சூடேறி, சில மணி நேரம் கழித்து அதை உள்ளே விடும். வெளியே வெயில் தாழ்ந்த பின்னரும் மாடியறையில் புழுங்குவதன் காரணம் இதுவே. அவ்வேளையில் மின்விசிறியைச் சுழல விட்டால், மேல்தளத்தை ஒட்டி நிற்கும் அனற்காற்றையே அது கீழே தள்ளுகிறது.

இது வெறும் சௌகரியத்தைப் பற்றிய பேச்சு அன்று. 2010-ஆம் ஆண்டு மே மாதம் அகமதாபாத் நகரில் வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்தது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 மரணங்கள் மிகுதியாக நிகழ்ந்தன என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டார்கள். அதன் விளைவாக 2013-இல் அந்நகராட்சி வெப்பத்தை எதிர்கொள்வதற்கான திட்டம் ஒன்றை வகுத்தது. சில ஆண்டுகளில் அத்திட்டத்தில் கூரைகளும் இடம்பெற்றன. ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் கூரைகளுக்கு வெண்ணிறம் பூசும் பணி தொடங்கியது. வீட்டுக்குள் இருந்தபடியே பீடி சுற்றியும் துணி தைத்தும் பிழைக்கும் பெண்களுக்கும், வெளியேற இயலாத முதியவர்களுக்கும், குழந்தைகளுக்கும், கூரையே முதல் பாதுகாப்பு அல்லது முதல் பகை என்பதை அந்த அனுபவம் உணர்த்தியது.

கூரையைக் குளிரச் செய்யும் முறைகள் மூன்று. வெயிலைத் திருப்பி அனுப்புவது முதலாவது. வந்த வெப்பத்தை வழியில் தடுப்பது இரண்டாவது. தடையை மீறி உள்ளே புகுந்ததை வெளியேற்றுவது மூன்றாவது. செலவிலும் இவை ஏறத்தாழ இந்த வரிசையிலேயே தொடங்க வேண்டியவை.

திருப்பி அனுப்புவதற்கு வெண்மை போதும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த தளம் தன்மேல் விழும் வெயிலில் பெரும் பகுதியைத் திருப்பிவிடும். நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டி, சிறிது பசை சேர்த்து, மாசி பங்குனியில் இரண்டு மூன்று பூச்சுகள் பூசலாம். இதனால் அறையில் 2 முதல் 5 டிகிரி வரை வெப்பம் குறைவதாக அளந்து பார்த்தவர்கள் கூறுகிறார்கள். மழையில் பூச்சுக் கரையும். புழுதி படிந்தால் வெண்மை குன்றும். ஆகவே ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். குஜராத்தில் உடைந்த வெள்ளைப் பீங்கான் ஓடுகளை மொட்டைமாடியில் பதிக்கும் வழக்கம் உண்டு. அது பல ஆண்டு நிலைக்கும். தெலங்கானா அரசு 2023-இல் குளிர்ந்த கூரைகளுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது.

இரண்டாவது முறையான தடுத்தலில்தான் நாம் காற்றின் ஒரு குணத்தை அறிந்துகொள்ள வேண்டும். அசையாது நிற்கும் காற்றில் வெப்பம் எளிதில் கடத்தப்படுவதில்லை. கம்பளி குளிரைத் தடுப்பது, அதன் இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்தி வைத்திருப்பதால்தான். தெர்மோகோல் தகடும் அத்தகையதே. எண்ணற்ற நுண்ணறைகளில் அடைபட்ட காற்றே அதன் பலம். 3 சென்டிமீட்டர் கனமுள்ள அந்தத் தகடு தடுக்கும் வெப்பத்தைக் கான்கிரீட்டால் தடுக்க வேண்டுமானால், ஒரு மீட்டருக்கும் மிகுந்த கனம் தேவைப்படும்! மொட்டைமாடியில் மண்பானைகளை வரிசையாகக் கவிழ்த்து, இடைவெளியை நிரப்பித் தளமிடும் முறையிலும் வேலை செய்வது பானைக்குள் நிற்கும் காற்றே.

2018-இல் மத்திய அரசு வெளியிட்ட குடியிருப்புக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு கூரைக்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறது. உள்ளும் வெளியும் ஒரு டிகிரி வேற்றுமை இருக்கையில், ஒரு சதுர மீட்டர் வழியே 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கலாகாது என்பது அது. வெறும் கான்கிரீட் தளம் ஏறத்தாழ அதைப்போல் மூன்று மடங்கு வெப்பத்தை விடுகிறது. தடுப்பைத் தளத்தின் மேற்புறத்தில் இட்டு, அதன்மேல் தட்டோடு பதிப்பது நலம். அப்போது தளமே சூடேறாது; சூட்டில் விரிந்து வெடிப்பதும் குறையும்.

தகரம், கல்நார் ஆகிய தகட்டுக் கூரைகளின் கீழ் வாழ்வோருக்கு மூன்றாவது முறை மிகவும் தேவை. கூரைக்குக் கீழே மூங்கிற்பாய் அல்லது பலகையால் ஒரு தட்டுக் கட்டினால், கூரையின் அனல் நேரே உடலில் படாது. ஆனால் தட்டுக்கும் கூரைக்கும் இடையே உள்ள காற்று நாள் முழுவதும் கொதிக்கும். அதற்குப் போக்கிடம் இல்லையேல் தட்டும் காய்ந்து, கீழே அனல் வீசும். ஆகவே தாழ்வாரத்தை ஒட்டிக் காற்று நுழையவும், முகட்டருகே அது வெளியேறவும் திறப்புகள் வேண்டும். சூடான காற்று இலேசாகி மேலே செல்லும். அதன் இடத்தைப் பிடிக்கக் கீழிருந்து புதுக்காற்று வரும். இதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. திறப்புகளுக்குக் கம்பிவலை இட்டால் அணிலும் பறவையும் புகா.

கேரளத்தின் பழைய வீடுகளில் மரத்தட்டும், அதன்மேல் உயர்ந்த ஓட்டுக் கூரையும், இரு முனைகளிலும் காற்றுக்கு வழிவிடும் மரச் சட்டங்களும் இருப்பதைக் காணலாம். தச்சர்கள் அனுபவத்தால் அறிந்து செய்த ஏற்பாடு அது. நாம் ஓட்டை நீக்கித் தளம் போட்டபோது, அந்தக் காற்று வழியையும் சேர்த்தே நீக்கிவிட்டோம்.

ஆக, ஒரே காற்று இரு வேலைகளைச் செய்கிறது. தடுப்புக்குள் அது நிற்க வேண்டும். கூரைக்கும் தட்டுக்கும் இடையில் அது நடக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் பணம் வீணாகும். வாழும் அறைக்குள்ளும் காற்றை நேரமறிந்தே விட வேண்டும். உள்ளே இருப்பதைவிட வெளிக்காற்று சூடாக இருக்கும் நண்பகலில் ஜன்னல்களை மூடி வைப்பதும், இரவு குளிர்ந்த பின் எதிரெதிரே திறந்து வைப்பதும் அறிவுடைமை.

நம் தேசம் ஒரே தட்பவெப்பம் உடையதன்று. சிம்லாவிலும் ஸ்ரீநகரிலும் குளிர்கால வெயில் வரவேற்கத்தக்கது. அங்கே வெள்ளைக் கூரை அதை வீணாகத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் தடுப்பு அங்கும் உதவும். அடுப்பின் வெப்பத்தை வெளியே விடாமல் காப்பதும் அதே நிற்கும் காற்றுதான்.

சில எச்சரிக்கைகள் அவசியம். கல்நார்த் தகடுகளைச் சுரண்டவோ துளையிடவோ கூடாது. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. அவற்றின்மேல் ஏறி நடப்பதும் ஆபத்து. அவை திடீரென உடையும். தெர்மோகோல் தீப்பற்றக்கூடியது, சமையலறையில் அதைத் திறந்தபடி தொங்கவிடலாகாது.

குளிர்சாதனப் பெட்டி இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று சிலர் கேட்கலாம். காயும் கூரையின் கீழ் அந்தப் பெட்டியை ஓட்டுவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பது போன்றது. மின்கட்டணம் ஏறும், மின்சாரம் தடைப்பட்டால் அறை மீண்டும் அடுப்பாகும். அந்தப் பெட்டியை வாங்க இயலாத வீடுகளே நாட்டில் மிகுதி. அவர்களில் பலர் வாடகைக்கு இருப்பவர்கள்; கூரை அவர்களுடையது அன்று. வீட்டுக்கு உடையவர்கள் கோடைக்கு முன் ஒருநாள் ஒதுக்கிச் சுண்ணாம்பு பூசினால், அது வாடகைக்கு இருப்போருக்குச் செய்யும் சலுகை ஆகாது, கடமையே ஆகும். மழைக்கு ஒழுகாத கூரையைத் தருவது முறை என்று நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். வெயிலுக்கு ஒழுகாத கூரையும் அவ்வாறே தரப்பட வேண்டியதாகும்.