பிரஜாவுரிமையைப் பறிக்கும் வழக்குகளும் அரச சட்டத்தரணியின் அமானிதமும்

அமெரிக்காவில் குடியேறி, அந்நாட்டின் பிரஜாவுரிமையைச் சத்தியம் செய்து பெற்றுக்கொண்ட ஒருவரிடமிருந்து அதைத் திரும்பப் பறிக்க முடியுமா? முடியும். அதற்கென்றே அந்நாட்டு நீதித் திணைக்களத்தில் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். 2020 பெப்ரவரியில் இவ்வழக்குகளுக்கு மாத்திரம் தனிப் பிரிவொன்று ஆரம்பிக்கப்பட்டது. 2025 ஜூன் மாதம் அத்திணைக்களத்தின் சிவில் பிரிவுத் தலைவர் பிரெட் ஷுமேட் விடுத்த சுற்றுநிருபம், பிரஜாவுரிமை நீக்க வழக்குகளை முன்னுரிமைப் பணிகளில் ஒன்றாக அறிவித்தது. 1990 முதல் 2017 வரை தாக்கல் செய்யப்பட்டவை ஆண்டொன்றுக்குச் சராசரியாகப் பதினொரு வழக்குகள் மட்டுமே. அந்நிலை இப்போது மாறி வருகின்றது.

இந்தச் செய்திகள் வரத் தொடங்கியது முதல் எம்மிடம் இரண்டு விதமான கேள்விகள் வருகின்றன. அங்கு உறவினர்கள் உள்ளவர்கள், "ஹஸரத், கொடுத்ததை இப்படிப் பறிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். சட்டம் படிக்கும் இளைஞர்களோ வேறொன்றைக் கேட்கிறார்கள்: அத்தகைய வழக்குகளை நடத்தும் அரச சட்டத்தரணியாக ஒரு முஸ்லிம் பணியாற்றலாமா? இரண்டாவது கேள்வியையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம். அதற்குப் பதில் தேடும்போது முதலாவதும் ஓரளவு விளங்கிவிடும்.

தொழிலைத் தெரியாமல் ஹுக்ம் சொல்ல முடியாது. எனவே அவர் என்ன செய்கிறார் என்று முதலில் பார்ப்போம்.

அமெரிக்காவில் பிறந்தவரை இந்தச் சட்டம் தொடாது. குடியேறிப் பிரஜையானவரையே தொடும். 1952ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் தேசியச் சட்டத்தின் 340ஆம் பிரிவு இரண்டு காரணங்களைச் சொல்கின்றது. பிரஜாவுரிமை சட்டத்துக்கு மாறாகப் பெறப்பட்டிருக்க வேண்டும். அல்லது முக்கியமான உண்மை ஒன்றை மறைத்தோ வேண்டுமென்றே பொய் சொல்லியோ பெறப்பட்டிருக்க வேண்டும். அரசாங்கமே வழக்காளி. குறித்த நபர் வசிக்கும் பகுதியிலுள்ள சமஷ்டி மாவட்ட நீதிமன்றத்தில், தகுந்த காரணம் உண்டெனக் காட்டும் சத்தியக் கடதாசியுடன் வழக்குத் தாக்கலாகும். பிரதிவாதிக்குப் பதிலளிக்க அறுபது நாட்கள் உண்டு. இது சிவில் வழக்கு என்பதால் ஜூரி சபை கிடையாது. வசதியில்லாதவருக்கு அரச செலவில் சட்டத்தரணியும் கிடையாது. காலாவதி எல்லையும் இல்லை. முப்பது வருடங்களுக்கு முந்திய விண்ணப்பப் படிவத்தையும் தோண்டி எடுக்கலாம். குற்றவியல் வழக்கு என்ற இன்னொரு வழியும் இருக்கின்றது. அதில் இந்தப் பாதுகாப்புகள் உண்டு, காலாவதி பத்து வருடங்கள்.

ஆக, அரச சட்டத்தரணியின் மேசைக்கு வருவது பெரும்பாலும் ஒரு கோப்பு. பழைய விண்ணப்பங்கள், நேர்முகத்தின்போது அதிகாரி ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் இட்ட குறிப்புகள், கைவிரல் அடையாளங்கள் எல்லாம் அதில் இருக்கும். 2016இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொதுப் பரிசோதகர் வெளியிட்ட அறிக்கையில் ஒரு தகவல் உண்டு. ஒரு பெயரில் நாடுகடத்தல் உத்தரவு பெற்று, வேறொரு பெயரில் பிரஜாவுரிமை பெற்றோர் குறைந்தது 858 பேர் இருந்தனர். பழைய கைவிரல் அடையாளங்கள் கணினியில் ஏற்றப்படாததே காரணம். அப்படியானவர்கள் மீது வழக்குத் தொடர்வதில் அநியாயம் இருப்பதாக நாம் நினைக்கவில்லை. பொய்ப் பெயரில் பெற்றது பொய்யில் பெற்றதுதான்.

ஆனால் இதே அதிகாரம் வேறு விதமாகவும் பாவிக்கப்பட்டிருக்கின்றது. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் "வெள்ளையர்" அல்லர், ஆகவே பிரஜையாகும் தகுதியற்றவர்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே அரச சட்டத்தரணிகள் ஏற்கெனவே பிரஜைகளாகி இருந்த இந்தியர்களைத் தேடிச் சென்று வழக்குத் தொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் மிச்சிகனில் வாழ்ந்த பஞ்சாப் முஸ்லிமான ஜோன் முஹம்மத் அலி. தமது முன்னோர் அரேபியாவிலிருந்து வந்தவர்கள், தம் வம்சத்துக்குள்ளேயே மணமுடித்து வந்தவர்கள், ஆகவே தாம் அரபி என்று வாதிட்டார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1925இல் அவருடைய பிரஜாவுரிமை இரத்தானது. அவர் பொய் எதுவும் சொல்லவில்லை, எதையும் மறைக்கவில்லை. தோலின் நிறம்தான் பிரச்சினை. அந்த வழக்கை நடத்திய சட்டத்தரணி சட்டத்தின்படிதான் நடந்தார் என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1943இல்தான் நிலைமை திரும்பியது. கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த வில்லியம் ஷ்னைடர்மன் மீது அரசாங்கம் தொடுத்த வழக்கில் அவருக்காக உச்ச நீதிமன்றத்தில் ஊதியமின்றி வாதாடியவர் வெண்டெல் வில்கி. 1940 ஜனாதிபதித் தேர்தலில் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக நின்ற அதே வில்கி. கம்யூனிசத்தோடு அவருக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிரஜாவுரிமையைப் பறிக்க வேண்டுமானால் சான்று தெளிவாகவும் ஐயத்துக்கு இடமில்லாமலும் நம்பவைப்பதாகவும் இருக்க வேண்டும், சாதாரண சிவில் வழக்குப் போல் எந்தப் பக்கம் கனக்கிறது என்று பார்த்தால் போதாது என நீதிமன்றம் கூறியது.

மத்ரஸாவில் உஸூலுல் பிக்ஹ் ஓதியவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. உறுதியான ஒன்று சந்தேகத்தால் நீங்காது என்பது பிக்ஹின் ஐந்து பெரும் விதிகளில் ஒன்று. உஸ்மானிய ஆட்சியில் தொகுக்கப்பட்ட மஜல்லாவின் நான்காவது ஷரத்தும் அதுவே. வுழூ செய்தது உறுதி, முறிந்ததா என்பது சந்தேகம் என்றால் வுழூ இருக்கின்றது. அதேபோல், வாதிடுபவர் மீதே சான்று கடமை என்பதும் நாம் அறிந்த விதி. பிரஜாவுரிமைச் சான்றிதழ் உறுதி. அதைப் பெற்ற விதத்தைப் பற்றிய குற்றச்சாட்டு சந்தேகம். சந்தேகத்தை உறுதியாக்கும் பொறுப்பு அரச சட்டத்தரணியுடையது. சான்று போதாது என்று தெரிந்தும் வாய்ச்சாலகத்தால் அதை நிரப்பப் பார்ப்பவர் தம் நாட்டுச் சட்டத்தையும் மீறுகிறார், நமது ஷரீஅத்தையும் மீறுகிறார்.

வாய்ச்சாலகம் என்றதும் உம்மு ஸலமா (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் நினைவுக்கு வருகின்றது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. வழக்காடுபவர்களில் ஒருவர் மற்றவரைவிட வாதத் திறமை மிக்கவராக இருக்கலாம், அதைக் கேட்டு நான் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்துவிட்டால் நான் அவருக்கு வெட்டிக் கொடுப்பது நெருப்பின் ஒரு துண்டே என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நீதிபதியை வென்றுவிட்டால் விடயம் முடிந்துவிடாது என்பது அதன் பொருள்.

2017ஆம் ஆண்டின் மஸ்லெனியாக் வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. திவ்னா மஸ்லெனியாக் ஒரு பொஸ்னிய சேர்பியப் பெண். தன் கணவர் சேர்பியப் படையில் சேராமல் தப்பி ஒளிந்தவர் என்று கூறி அகதி அந்தஸ்துப் பெற்றார். உண்மையில் கணவர் அப்படையின் அதிகாரி. அவர் பணியாற்றிய படைப்பிரிவு ஸ்ரெப்ரெனிக்கா படுகொலையில் பங்கேற்ற ஒன்று. 1995 ஜூலையில் சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்ட அதே ஸ்ரெப்ரெனிக்கா. பின்னர் பிரஜாவுரிமை விண்ணப்பத்தில், அதிகாரிகளிடம் ஒருபோதும் பொய் சொன்னதில்லை என்று அப்பெண் சத்தியம் செய்தார்.

விசாரணையில் அரச தரப்புச் சட்டத்தரணி, விண்ணப்பத்தில் சொன்ன எந்தப் பொய்யும், அது எவ்வளவு அற்பமானதாயினும், பிரஜாவுரிமையைப் பறிக்கப் போதும் என்று வாதிட்டார். பிரதம நீதியரசர் ஜோன் ரொபர்ட்ஸ் இடைமறித்தார். மணிக்கு 55 மைல் எல்லையுள்ள வீதியில் தாம் ஒருமுறை 60இல் ஓட்டியதாகவும் பிடிபடவில்லை என்றும் சொல்லி, அதைப் படிவத்தில் எழுதாவிட்டால் இருபது வருடங்களின் பின் என் பிரஜாவுரிமை போகுமா என்று கேட்டார். கேட்கப்பட்ட கேள்விக்கு அது உரியதுதான் என்பதே அரச தரப்பின் பதில். நீதியரசர்கள் அனைவரும் அரசாங்கத்துக்கு எதிரான முடிவுக்கே வந்தனர். சொன்ன பொய் பிரஜாவுரிமை கிடைத்ததில் பங்கு வகித்திருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அப்பெண் நிரபராதி என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஜூரிக்குச் சட்டம் பிழையாக விளக்கப்பட்டது என்றே சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது.

இன்று அமெரிக்காவில் முஸ்லிம் குடியேறிகளைச் சிறு பிழைகளுக்காகத் துரத்தாமல் காக்கும் தீர்ப்பு, ஸ்ரெப்ரெனிக்காவோடு தொடர்புபட்ட படைப்பிரிவின் அதிகாரி ஒருவரின் மனைவிக்குக் கிடைத்த தீர்ப்பு. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதியிலிருந்து உங்களைத் திருப்பிவிடக் கூடாது என்று ஸூரா அல்மாஇதா (5:8) கற்பிப்பதை நாம் பயான்களில் எத்தனையோ தடவை சொல்கிறோம். அதைச் செயலில் காண்பது வேறு அனுபவம்.

இனி, இந்தத் தொழிலின் சோதனை எங்கே இருக்கிறது என்பதை மிகத் தெளிவாகக் காட்டும் வழக்குக்கு வருவோம். ஜோன் டெம்யான்யுக் உக்ரேனில் பிறந்தவர், ஓஹையோவில் கார்த் தொழிற்சாலைத் தொழிலாளி. நாஜிகளின் ட்ரெப்லிங்கா முகாமில் விஷவாயு அறையை இயக்கிய, "கொடூரமான இவான்" எனப்பட்ட காவலர் இவர்தான் என்று அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. தப்பிப் பிழைத்த யூதர்கள் புகைப்படத்தைப் பார்த்து அடையாளம் காட்டினர்.

ஆனால் கையிலிருந்த முக்கிய ஆவணம், அவர் சோபிபோர் என்ற வேறொரு முகாமில் இருந்ததாகவே காட்டியது. வழக்கில் பணியாற்றிய அரச சட்டத்தரணி ஜோர்ஜ் பார்க்கர் 1980 பெப்ரவரியில் தம் மேலதிகாரிகளுக்குக் குறிப்பொன்று எழுதினார். ட்ரெப்லிங்காவில் இருந்தார் என்பதில் தமக்குச் சந்தேகம் உண்டு, இந்நிலையில் வழக்கைக் கொண்டு செல்வது தொழில் தர்மத்துக்கு ஒவ்வாது என்பதே அதன் சாரம். வழக்கு நிற்கவில்லை. பார்க்கர் அப்பணியை விட்டு விலகினார். 1981இல் டெம்யான்யுக் பிரஜாவுரிமையை இழந்தார். 1986இல் இஸ்ரேலுக்கு ஒப்படைக்கப்பட்டார். 1988இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

சோவியத் ஆவணங்கள் திறக்கப்பட்டபோது, ட்ரெப்லிங்காவின் இவான் மார்ச்சென்கோ என்ற வேறொருவர் எனக் காட்டும் வாக்குமூலங்கள் வெளிவந்தன. 1993 ஜூலையில் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் ஆறாவது மேன்முறையீட்டு நீதிமன்றம், பிரதிவாதிக்குச் சாதகமான சான்றுகளை அரச சட்டத்தரணிகள் கொடுக்காமல் விட்டது நீதிமன்றத்துக்கே செய்த மோசடி என்று கூறியது. ஒரு மனிதர் தூக்குக் கயிறு வரை போய்த் திரும்பினார்.

1998இல் அவருடைய பிரஜாவுரிமை மீண்டது. ஆனாலும் அவர் தூய்மையானவர் அல்லர். 1999இல் புதிய சட்டத்தரணிகள் புதிதாக வழக்குத் தொடுத்தனர். இம்முறை நாற்பது வருட நினைவை நம்பவில்லை. பணிப் பட்டியல்களையும் அடையாள அட்டையையும் காட்டி, சோபிபோரிலும் வேறு முகாம்களிலும் அவர் காவலராக இருந்ததை நிரூபித்தனர். 2002இல் பிரஜாவுரிமை மறுபடியும் பறிபோனது, இம்முறை நிலைத்தது. அதாவது உண்மையைச் சொல்லியே வென்றிருக்கக்கூடிய வழக்கை, முதல் அணி உண்மையை மறைத்து இருபது வருடங்கள் பாழாக்கியது.

ஸூரா அந்நிஸாவின் 105ஆம் வசனம் முதலான வசனங்கள் இறங்கிய பின்னணியை இங்கே எண்ணிப் பார்க்கலாம். தப்ஸீர் நூல்களில் வரும் ஓர் அறிவிப்பின்படி, மதீனாவில் ஒருவர் கவசத்தைத் திருடி, பழியை ஒரு யூதர் மீது போட்டுவிட்டார். அவருடைய குலத்தார் திரண்டு வந்து, தம்மவருக்காக நபியவர்களிடம் வாதாடினார்கள். மோசடிக்காரர்களுக்காக வாதாடுபவராக ஆகிவிட வேண்டாம் என்ற கருத்தில் வசனம் இறங்கி, அந்த யூதர் நிரபராதியென வெளிப்பட்டது. அவ்வசனத்தில் வரும் "கஸீம்" என்ற சொல் வழக்கில் வாதாடுபவரையே குறிக்கின்றது.

ஆகவே இளைஞர்களின் கேள்விக்கு எமது கருத்து இதுதான், அல்லாஹு அஃலம். வழக்கில் பிறருக்காகப் பிரதிநிதியாவது பிக்ஹில் அனுமதிக்கப்பட்ட வகாலத். அரசாங்கம் அந்தப் பிரதிநிதித்துவத்தை ஒப்படைக்கலாம். மோசடியால் பெற்ற உரிமையை நீதிமன்றத்தில் நிரூபித்து மீளப்பெறுவது தன்னளவில் ஹராமல்ல. மேசைக்கு வரும் கோப்பில்தான் விடயம் இருக்கின்றது. பிரதிவாதிக்குச் சாதகமான தாளை எடுத்து வைத்துக்கொண்டால் ஹராம். தனக்கே சந்தேகமுள்ளதை உறுதி என்று நீதிபதியிடம் சொன்னால் ஹராம். அலியின் வழக்கைப் போல சட்டமே அநியாயமாக இருந்தால், "சட்டப்படிதான் செய்தேன்" என்பது மறுமையில் போதுமான பதிலாகும் என்று நாம் சொல்ல மாட்டோம். அத்தகைய கோப்பைத் திருப்பிக் கொடுக்கவோ, பார்க்கரைப் போல எழுத்தில் சொல்லிவிட்டு விலகவோ துணிவில்லாதவர் இந்தப் பதவிக்குப் போகாதிருப்பதே பேணுதல்.

அங்கு வாழும் உறவினர்கள் விடயத்தில் ஒன்று. படிவத்தை முகவரோ மச்சானோ நிரப்பட்டும் என்று வெறும் தாளில் கையொப்பமிடும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. கையொப்பமிட்டவரே சத்தியம் செய்தவர். நிரப்பியதை வாசித்து விளங்கி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு அறிவித்தல் வந்தால் அந்த அறுபது நாட்களுக்குள், சொந்தச் செலவிலாவது குடிவரவுச் சட்டம் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் கோப்பை ஒப்படையுங்கள்.