நிரலுக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பவர் யார்?

கல்யாண வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? தலைமைச் சமையற்காரர் கடைக்குப் போவதில்லை. "அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு" என்று பட்டியல் எழுதிக் கொடுத்துவிடுவார். சாமான் அறையைப் பார்த்துக்கொள்பவர் அவற்றை எடுத்து வந்து அடுப்பருகே வைப்பார். சமையற்காரரின் கவனம் முழுவதும் சமையலில்தான்.

வங்கி போன்ற பெரிய நிறுவனங்கள் இணையத்தில் நடத்தும் கணிப்பொறி நிரல்களிலும் இதே ஏற்பாடு உண்டு. அத்தகைய நிரல் ஒன்றில் நூற்றுக்கணக்கான உறுப்புகள் இருக்கலாம். பணம் அனுப்பும் உறுப்புக்குக் கணக்கைப் படிக்கும் உறுப்பு வேண்டும். அதற்குத் தரவுத்தளத்தோடு பேசும் உறுப்பு வேண்டும். ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதைத் தானே உருவாக்கிக்கொண்டால் என்ன ஆகும்? ஒன்றை மாற்ற வேண்டுமானால் பல இடங்களில் கை வைக்க வேண்டிவரும். ஆகவே, ஒவ்வோர் உறுப்பும் தனக்கு வேண்டியவற்றின் பட்டியலை மட்டும் சொல்லும். 'கொள்கலன்' எனப்படும் பகுதி அவற்றை உருவாக்கி அதனிடம் கொடுக்கும். இம்முறைக்கு 'டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன்' என்று பெயர். தமிழில் 'சார்பு உட்செலுத்தல்' எனலாம்.

மார்ட்டின் ஃபவுலர் என்னும் மென்பொருள் வல்லுநர் 2004 ஜனவரியில் எழுதிய கட்டுரையின் வழியே இப்பெயர் பரவியது. அதே ஆண்டு மார்ச்சில் ஜாவா மொழிக்கான 'ஸ்பிரிங்' என்னும் சட்டகத்தின் 1.0 பதிப்பு வெளிவந்தது. ராட் ஜான்சன் 2002இல் தம் நூலுக்காக எழுதிய நிரலே அதன் வித்து. ஸ்பிரிங்கில் கொள்கலன் தரும் உறுப்புக்கு 'பீன்' என்று பெயர். ஜாவா என்றால் காப்பி அல்லவா? அதனால் உறுப்பு காப்பிக் கொட்டை ஆகிவிட்டது!

சரி, கேட்ட சாமான் கிடைக்காவிட்டால்? பெரும்பாலும் நிரல் தொடங்கும்போதே நின்றுவிடும். திரையில் பிழைச் செய்தி வரிவரியாக ஓடும். பார்த்தால் மலைப்பாக இருக்கும். பயப்படாதீர்கள். ஒன்று கிடைக்காததால் அதை நம்பிய இன்னொன்று, அதை நம்பிய மற்றொன்று என்று சங்கிலியாக எழும் புகார் அது. 'இதனால் விளைந்தது' என்னும் பொருளில் 'காஸ்டு பை' என்று தொடங்கும் வரிகள் அதில் இருக்கும். அவற்றுள் கடைசி வரியை முதலில் படியுங்கள். மூல காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அது பொதுவாக மூன்றில் ஒன்று.

முதலாவது, கேட்ட உறுப்பு கொள்கலனுக்கே தெரியாது. அதைப் பதிவு செய்ய மறந்திருப்பார்கள். அல்லது கொள்கலன் தேடாத கோப்புறையில் வைத்திருப்பார்கள்.

இரண்டாவது, கேட்டது ஒன்று, இருப்பது இரண்டு. பட்டியலில் வெறுமே "எண்ணெய்" என்று எழுதினால் நல்லெண்ணெயைக் கொடுப்பதா, கடலை எண்ணெயைக் கொடுப்பதா? கொள்கலன் ஊகிக்க மறுத்து நின்றுவிடும். எது வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டால் தீர்ந்தது.

மூன்றாவது, வட்டச் சிக்கல். அறையின் சாவி பெட்டிக்குள். பெட்டியின் சாவி அறைக்குள்! எதை முதலில் திறப்பது? அதுபோல, முதல் உறுப்பு உருவாக இரண்டாவது வேண்டும். இரண்டாவது உருவாக முதலாவது வேண்டும். இரண்டுக்கும் பொதுவான வேலையைப் பிரித்து மூன்றாவது உறுப்பாக்கினால் வட்டம் அறுந்துவிடும். 2021இல் வந்த ஸ்பிரிங் பூட் 2.6 பதிப்பிலிருந்து, நாமாக அனுமதித்தாலன்றி இத்தகைய வட்டங்கள் ஏற்கப்படுவதில்லை.

இந்த மூன்றும் சத்தம் போடும் பிழைகள். சத்தம் போடாத பிழை ஒன்று உண்டு. ஆபத்தானது அதுதான்.

பந்தியில் சாம்பார் வாளி எல்லோருக்கும் பொது. இலை மட்டும் ஆளுக்கு ஒன்று. ஒருவர் சாப்பிட்ட இலையிலேயே அடுத்தவருக்கும் பரிமாறலாமா? நிரலிலும் அப்படியே. சில உறுப்புகள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்றே இருந்தால் போதும். சில, வாடிக்கையாளரின் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக வேண்டும். ஸ்பிரிங்கில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஓர் உறுப்பு ஒன்றே ஒன்றுதான் உருவாகும். எல்லோருக்கும் அதே கொடுக்கப்படும்.

அந்தப் பொது உறுப்புக்குள் வாடிக்கையாளரின் கணக்கு எண்ணைக் குறித்து வைத்தால் என்ன ஆகும்? மீனா தன் இருப்பைக் கேட்கிறாள். அவள் எண் குறிக்கப்படுகிறது. விடை வருவதற்குள் முருகனும் கேட்கிறான். மீனாவின் எண் அழிந்து, அவன் எண் அங்கே ஏறுகிறது. முருகனின் இருப்பு மீனாவின் திரையில் தெரிகிறது! பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஒருவர் மட்டும் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. ஒரே நேரத்தில் பலர் நுழையும்போதுதான், அதுவும் எப்போதாவது, தலைகாட்டும்.

இதே பிழை வேறு வடிவிலும் வரும். குறுகிய காலமே வாழ வேண்டிய உறுப்பை, நெடுங்காலம் வாழும் உறுப்பின் கையில் கொடுத்துவிட்டால் அது பிடித்த பிடியை விடாது. இலை வாளியோடு ஒட்டிக்கொண்ட கதைதான். 2016இல் வெளிவந்த ஏஎஸ்பி டாட் நெட் கோர் என்னும் சட்டகம், நிரலை உருவாக்கும் கட்டத்திலேயே இத்தகைய பிணைப்பைச் சோதித்து எச்சரிக்கிறது.

தடுக்கும் வழி எளிது. பொது உறுப்பில் எவர் விவரத்தையும் சேமிக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் கேள்வியோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். சோதிக்கும்போது பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பிப் பார்க்க வேண்டும்.

செய்து பாருங்கள்: உங்கள் பள்ளி நூலகத்துக்கு ஒரு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் உறுப்புகளைக் கட்டங்களாக வரையுங்கள். ஒன்றுக்கு வேறொன்று தேவையானால் அம்புக்குறி போடுங்கள். அம்புகளின் வழியே போனால் புறப்பட்ட கட்டத்துக்கே திரும்பி வருகிறீர்களா? அங்கே வட்டச் சிக்கல் இருக்கிறது. அடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் 'வாளி' அல்லது 'இலை' என்று எழுதுங்கள். வாளியிலிருந்து இலைக்குப் போகும் அம்பு ஏதேனும் இருந்தால் அதைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். சத்தம் போடாத பிழை ஒளிந்திருக்கும் இடம் அதுதான்.