வீட்டுக் கதவும் பூட்டும்

முன்பெல்லாம் கிராமத்து வீடு பகலில் ஆளின்றி வெறுமையாக இருப்பது அபூர்வம். வயலுக்குச் செல்வோர் சென்றபின் திண்ணையில் ஒரு முதியவரோ, கொல்லையில் ஒரு பாட்டியோ இருந்துகொண்டுதான் இருப்பர். இன்று நிலைமை அவ்வாறில்லை. கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்கின்றனர். பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்கின்றனர். வீடு காலை முதல் மாலை வரை பூட்டிக் கிடக்கிறது. வீட்டிலுள்ள பொருளும் முன்போல் நெல்லும் பித்தளைப் பாத்திரமும் மட்டும் அல்ல. நகை, நிலப் பத்திரம், வங்கிக் கணக்குப் புத்தகம், தொலைக்காட்சிப் பெட்டி எல்லாம் ஒரே கதவின் பின்னால்தான் இருக்கின்றன. ஆகவே, கதவைப் பூட்டும் முறையைப் பற்றி நம் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாய அன்பர்களும் சற்று நுணுகி அறிந்திருத்தல் அவசியமாகிறது.

பூட்டு வாங்கும்பொழுது நாம் பூட்டைத்தான் பார்க்கிறோம். அதைக் கையில் தூக்கிக் கனம் பார்க்கிறோம். சாவியை இரண்டு முறை திருப்பிப் பார்க்கிறோம். பிறகு விலை பேசுகிறோம். அப்பூட்டு மாட்டப்படும் நாதாங்கி எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதை நம்மில் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. திருட வருபவனோ அதைத்தான் முதலில் பார்க்கிறான். விலையுயர்ந்த பூட்டு ஒன்று, அரை அங்குலத் திருகாணிகள் நான்கினால் பலகையில் பொருத்தப்பட்ட கொண்டியில் தொங்குமானால், அந்த வீட்டைக் காத்து நிற்பவை அந்த நான்கு திருகாணிகளே. சிறு கடப்பாரையை இடையில் கொடுத்து நெம்பினால், பூட்டுக்கு ஒரு கீறலும் ஏற்படாமல் கொண்டி கையோடு வந்துவிடும். திருகாணிகளின் தலை வெளியே தெரியுமானால் கடப்பாரைகூட வேண்டாம், திருப்புளி போதும்.

இந்த விஷயத்தில் நம் முன்னோரின் கணையமரம் நல்லதொரு பாடத்தைக் கற்பிக்கிறது. கதவின் பின்னால் குறுக்காக ஒரு கட்டை. அதன் இரு முனைகளும் இருபுறத்துச் சுவர்களிலுள்ள குழிகளில் அமர்ந்திருக்கும். வெளியிலிருந்து எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் அவ்விசை கட்டையின் வழியாகச் சுவரைச் சென்று சேருமேயன்றி, எந்த ஆணியையும் பிடுங்காது. அழகில்லாத சாதனம்தான், எனினும் தத்துவம் சரியானது. உள்ளே ஆள் இருந்தால்தான் அதைப் போட முடியும் என்பது அதன் குறை. ஆனால் இக்குறை வாசற்கதவுக்கே பொருந்தும். வீட்டை விட்டு நாம் புறப்படுவது வாசல் வழியாக. கொல்லைக் கதவை உள்ளிருந்தே சாத்திவிட்டுத்தான் வருகிறோம். ஆதலால் வீட்டில் யாரும் இல்லாத வேளையிலும் கொல்லைக் கதவுக்குக் கணையமரம் போட்டு வைக்க முடியும். தகரக் கதவும் ஒற்றைத் தாழ்ப்பாளுமாகக் கொல்லைப்புறத்தை விட்டுவிட்டு, வாசலில் மட்டும் பெரிய பூட்டைத் தொங்கவிடுவது நம்மிடையே சகஜம். இரண்டு கனமான இரும்புக் கொக்கிகளைச் சுவரில் ஆழமாகப் பதித்து, அவற்றில் ஒரு நல்ல கட்டையை அமர்த்தினால் அக்குறை தீரும். இதற்கு ஆகும் செலவு சொற்பமே.

நிலையும் சுவரும்

பூட்டு, கொண்டி, பலகை, கீல், நிலை, சுவர் ஆகிய இவையெல்லாம் ஒரு சங்கிலியின் கண்ணிகளைப் போன்றவை. இழுக்கும்பொழுது எது மெலிந்ததோ அது அறும். நாம் பார்த்த வரையில், புதிய வீடுகளில் மெலிந்திருப்பது பெரும்பாலும் நிலையைச் சுவரோடு பிணைக்கும் இடமே.

2016ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமப்புற வீட்டுத் திட்டத்தின் கீழும், 2024ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தின் கீழும் நம் கிராமங்களில் பல வீடுகள் கட்டப்பட்டுள்ளன. கடைக்கால், சுவர், கூரை என்று பணம் செலவாகி, கதவின் முறை வரும்பொழுது கையிருப்பு கரைந்துவிடுகிறது. மலிவான நிலையை வாங்கி, விட்டிருந்த இடைவெளியில் நிறுத்தி, பக்கங்களில் செங்கல் துண்டும் கலவையும் திணித்துப் பூசிவிடுகின்றனர். பார்வைக்குக் குற்றம் தெரியாது. அத்தகைய நிலை சில பலமான உதைகளுக்குக்கூட நிற்பதில்லை. நிலையின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று இரும்புக் கிளாம்புகளை அடித்து, அவற்றின் வால்பகுதியைச் சுவருக்குள் சிமெண்டுக் கான்கிரீட்டால் இறுக்குவதே முறை. பூச்சு முடிந்தபின் இவை கண்ணுக்குத் தெரியமாட்டா. ஆகையால் வீடு கட்டுவோரும், வேலையைப் பார்வையிடச் செல்லும் அங்கத்தினர்களும், பூச்சுக்கு முன்னரே கிளாம்புகளை எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.

ஏற்கெனவே குடியிருக்கும் வீடாயின் ஒரு சுலபமான சோதனை உண்டு. கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டுக்கு அருகே தோளைக் கொடுத்து அழுத்துங்கள். நிலைக்கும் பூச்சுக்கும் இடையே கோடு விழுந்தாலோ, மண் உதிர்ந்தாலோ நிலை தளர்ந்திருக்கிறது என்று பொருள். அந்நிலையில் புதுப் பூட்டு வாங்குவது வீண் செலவு. முதலில் கொத்தனாரை அழைத்து நிலையை இறுக்க வேண்டும்.

அடுத்து, கொண்டியும் நாதாங்கியும். ஆல்ட்ராப் என்று கடைகளில் கூறப்படும் கிடைத் தாழ்ப்பாள் நம் கிராமங்களில் மிகுதியாக உபயோகத்தில் உள்ளது. இதைத் திருகாணியால் பொருத்தாமல், கதவின் ஊடே செல்லும் போல்ட்டுகளால் பொருத்தச் செய்யுங்கள். வெளியே தெரியும் தலை வழவழப்பான உருண்டையாகவும், அதன் கீழ்க் கழுத்து சதுரமாகவும் உள்ள போல்ட்டுகள் கிடைக்கின்றன. சதுரக் கழுத்து மரத்தில் பதிந்துகொள்வதால் வெளியிலிருந்து அதைச் சுழற்ற இயலாது. உட்புறத்தில் நட்டின் கீழ் அகலமான வாஷரோ, ஓர் இரும்புப் பட்டையோ வைத்து முறுக்கினால், இழுக்கும் விசை பலகை முழுவதற்கும் பரவும். இக்காலத்து ஒட்டுப்பலகைக் கதவுகளில் இது இன்னும் முக்கியம். அவற்றுள் பலவற்றின் நடுப்பகுதி திருகாணியைப் பற்றும் வலிமை உடையதன்று. பூட்டுக்கேற்ற கிடைத் தாழ்ப்பாளுக்கு ஐ.எஸ். 281 என்றும், தொங்கு பூட்டுக்கு ஐ.எஸ். 275 என்றும் இந்தியத் தர அளவுகள் உள்ளன. பஞ்சாயத்துக் கட்டடங்களுக்கு விலைப்புள்ளி கேட்கும்பொழுது இவ்வெண்களைக் குறிப்பிட்டுக் கேட்கலாம்.

வீட்டுக் கதவுகள் பெரும்பாலும் உட்புறமாகத் திறப்பவை. கீல் உள்ளே மறைந்திருக்கும். மோட்டார் அறை, கிடங்கு முதலியவற்றின் கதவுகளோ வெளிப்புறமாகத் திறப்பவை. அவற்றில் கீலின் ஆணியை வெளியிலிருந்தே தட்டி எடுத்துவிட்டுக் கதவைப் பூட்டோடு பெயர்த்துவிட முடியும். கீல் உள்ள பக்கத்தில் கதவின் விளிம்பில் ஒரு தடித்த இரும்பு முளையைப் பொருத்தி, கதவு மூடும்பொழுது அது நிலையிலுள்ள துளைக்குள் நுழையுமாறு செய்துவிட்டால், கீலே இல்லாவிட்டாலும் கதவு பெயராது. எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்து தருவார்கள்.

பூட்டின் உள்ளே

தமிழகத்தில் பூட்டென்றால் திண்டுக்கல்லே நினைவுக்கு வரும். அவ்வூரிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இரும்பையும் பித்தளையையும் கையால் அறுத்து, அராவிப் பூட்டுச் செய்து வந்துள்ளன. வடிவத்தால் பெயர் பெற்ற மாங்காய்ப் பூட்டு அவற்றுள் பிரசித்தமானது. 2019ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. எனினும், அலிகாரிலிருந்து மலிவாக வரும் இயந்திரப் பூட்டுகளின் போட்டியினால் அக்கைத்தொழில் மெலிந்துவிட்டது என்பதையும் வருத்தத்துடன் குறிப்பிட வேண்டியுள்ளது.

லீவர் பூட்டு வேலை செய்யும் விதம் வருமாறு. பூட்டின் உள்ளே தாழ் எனப்படும் உலோகத் துண்டு முன்னும் பின்னும் நகரும். அதன்மேல் ஒரு சிறு முளை உண்டு. முளைக்கு எதிரே லீவர்கள் எனப்படும் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு ஸ்பிரிங்கினால் அழுத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் முளை நுழையத்தக்க பிளவு ஒன்று இருக்கிறது. ஆனால் தகட்டுக்குத் தகடு அதன் உயரம் வேறுபடும். உரிய சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய அளவு மட்டும் உயர்த்தும்பொழுது, பிளவுகள் யாவும் ஒரே நேரில் வந்து முளைக்கு வழிவிடுகின்றன; தாழ் நகர்கிறது. ஒரு தகடு சற்றுக் குறைவாக உயர்ந்தாலும் வழி அடைபடும். சற்று அதிகமாக உயர்ந்தாலும் அடைபடும். இந்த இரட்டைத் தடைக்கு 1778ஆம் ஆண்டில் ராபர்ட் பாரன் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்றார். சிறிய தட்டைச் சாவியால் திறக்கும் மற்றொரு வகையில் தகடுகளுக்குப் பதிலாகச் சிறு ஊசிகள் இதே காரியத்தைச் செய்கின்றன. பண்டைய எகிப்தியர் மரத்தில் செய்த பூட்டின் தத்துவமே இது. இதை இன்றைய வடிவில் அமைத்தவர் அமெரிக்கரான லைனஸ் யேல். அவர் பெற்ற காப்புரிமைகள் 1861, 1865ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை.

திறக்கவே முடியாத பூட்டு உண்டா என்று சிலர் கேட்பர். 1851ஆம் ஆண்டில் லண்டனில் பெரும் பொருட்காட்சி நடைபெற்ற சமயம், ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்க நிபுணர், யாராலும் திறக்க இயலாதென்று புகழப்பட்ட சப் பூட்டைச் சுமார் 25 நிமிஷத்தில் திறந்து காட்டினார். பிராமா பூட்டு என்பது, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்புடன் பல ஆண்டுகளாகக் கடை ஜன்னலில் வைக்கப்பட்டிருந்தது. அதையும் அவர் திறந்தார். ஆனால் அதற்கு 51 மணி நேரம் பிடித்தது. ஆக, பூட்டு நமக்கு வாங்கித் தருவது நேரமே. தெருவில் வீடுகள் நெருங்கியிருக்கும் இடத்தில் பத்து நிமிஷம் தாமதமானால் நாய் குரைக்கும், அண்டை வீட்டார் எட்டிப் பார்ப்பர், திருடன் விலகிவிடுவான். ஊருக்கு வெளியே தனித்திருக்கும் தோட்டத்து வீட்டில் அவனுக்கு இரவு முழுவதும் அவகாசம் உண்டு. அத்தகைய வீட்டில் எந்தப் பூட்டைப் போட்டாலும் நகையையும் பத்திரத்தையும் வைத்துச் செல்லலாகாது என்பதே எங்கள் அபிப்பிராயம்.

கடையில் லீவர்களின் எண்ணிக்கையைப் பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள். எண்ணிக்கை மட்டும் போதாது. தகடுகள் துல்லியமாக அராவப்படாவிடில் எட்டு லீவர் பூட்டும் வேறு சாவிக்குத் திறந்துவிடும். ஒரே ரகத்தில் மூன்று நான்கு பூட்டுகளை எடுத்து, ஒன்றின் சாவியை மற்றதில் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பூட்டின் வளைகம்பி நாதாங்கித் துளையை ஏறக்குறைய நிரப்பும் கனத்தில் இருக்கட்டும். இடைவெளி மிகுந்தால் நெம்புவதற்குக் கம்பி நுழையும். பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். அது நாளடைவில் தூசியோடு சேர்ந்து பிசினாகித் தகடுகளை ஒட்டிவிடுகிறது. லீவர் பூட்டுக்குத் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும். ஊசிவகைப் பூட்டுக்குப் பென்சில் கரியைத் தூளாக்கிச் சாவியில் தடவித் திருப்பினால் நன்கு இயங்கும்.

உள்ளே ஆள் இருக்கும்பொழுது

திருட்டுக்கு அஞ்சிச் செய்யும் ஏற்பாடு உயிருக்கு ஆபத்தாகிவிடக் கூடாது. குழந்தைகளையோ, நடமாட முடியாத பெரியவர்களையோ உள்ளே வைத்து வெளியில் பூட்டிக்கொண்டு செல்லும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகள் தங்கியிருந்த கூரைக் கொட்டகை ஒன்று தீப்பற்றியபொழுது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களைப் பிணைத்து வைத்தவர்களும் பாதுகாப்பு என்று எண்ணியே அவ்வாறு செய்தனர். வெளியேறும் கதவு உட்புறமிருந்து சாவியின்றித் திறக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. இது வீடுகளுக்கும் நல்ல விதி. கணையமரம் போடும் வீட்டில் அக்கட்டை, வீட்டிலுள்ள முதியவளும் தூக்கத்தக்க கனத்தில் இருத்தல் வேண்டும். இரவில் இரும்புக் கம்பிக் கதவை உள்ளே பூட்டும் குடும்பத்தார், சாவியை வெளியிலிருந்து கை எட்டாததும் வீட்டிலுள்ள அனைவரும் இருட்டில் எடுக்கத்தக்கதுமான ஓரிடத்தில் மாட்டுவது நன்று. தாழ்ப்பாளுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் இருக்குமாயின் கம்பிக்கிடையே கைவிட்டுத் திறந்துவிடலாமாதலால், புது வீட்டில் இரண்டுக்கும் இடையே குறைந்தது மூன்றடி விட வேண்டும்.

பஞ்சாயத்தின் சாவிகள்

வெளியூர் செல்வோர் நிலையின் மேலும், மாட்டுக் கொட்டகையிலும், செம்பருத்திச் செடியின் கீழும் சாவி வைக்கும் வழக்கம் ஊர் முழுவதும் அறிந்த இரகசியம். பொதுக் கட்டடங்களிலும் இதே கதைதான். மேல்நிலைத் தொட்டி மோட்டார் அறை, நூலகம், சமுதாயக் கூடம் ஆகியவற்றின் சாவிகள் யார் யாரிடம் உள்ளன என்று கேட்டால் திட்டமான பதில் கிடைப்பதில்லை. ஒவ்வொரு பூட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, சாவி எத்தனை, யாரிடம் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்பதைக் கையெழுத்துடன் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கலாம். ஒரு சாவியை உறையிலிட்டு ஒட்டிப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்திருக்க வேண்டும். மோட்டார் இயக்குபவர் மாறும்பொழுது சாவியை வாங்கிக்கொள்வதோடு பூட்டையும் மாற்றிவிடுவது நலம். புதிய பூட்டு வாங்கப் பணமில்லையெனில், நூலகத்துப் பூட்டை மோட்டார் அறைக்கும் மோட்டார் அறைப் பூட்டைச் சமுதாயக் கூடத்துக்கும் சமுதாயக் கூடத்துப் பூட்டை நூலகத்துக்குமாக மாற்றி, அன்றே பதிவேட்டிலும் குறித்துக்கொள்ளலாம்.