கூழ் குடித்தால் உச்சிவரை பசிக்காதது ஏன்?

ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டில் காலையில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டுத் தறியில் உட்கார்ந்தால், உச்சிவரை பசி எட்டிப் பார்க்காது. வெறும் வெள்ளைச் சோறு என்றால் பதினோரு மணிக்கே வயிறு கேட்கும். ஏன்?

தீட்டிய அரிசியில் மிஞ்சுவது பெரும்பாலும் மாவுச்சத்து. அது விரைவில் சர்க்கரையாகிவிடும்.

கேழ்வரகோ கடுகளவு. தோலை உரிப்பது கடினம் என்பதால் தோலோடுதான் அரைக்கிறோம். அந்தத் தோலின் நார்ச்சத்தும் துவர்ப்புப் பொருள்களும் செரிமானத்தைத் தாமதப்படுத்துகின்றன. தறியில் ஓடும் நாடாவுக்குள் இருக்கும் நூல் சுற்றிய தாரைப் பாருங்கள்: ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சம் நூல்தான் அவிழும். கூழின் சர்க்கரையும் அப்படித்தான் ரத்தத்தில் இறங்குகிறது.

சரி, மாவை முதல்நாள் இரவே கரைத்துப் புளிக்கவிடுவது எதற்கு? ருசிக்கு மட்டுமல்ல. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அரிசியைப்போலப் பல மடங்கு. ஆனால் தானியத்திலேயே இருக்கும் பைட்டிக் அமிலம் அந்தக் கால்சியத்தில் ஒரு பகுதியை உடலுக்கு விடாமல் பிடித்துக்கொள்ளும். புளிக்கும்போது நுண்ணுயிர்கள் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. பாட்டிகள் வேதியியல் படிக்கவில்லை, செய்துவிட்டார்கள்!

‘சூப்பர் உணவு’ என்று டப்பாவில் வரும், சர்க்கரை கலந்த கேழ்வரகு மால்ட்டை நம்பி ஏமாறாதீர்கள். மாவைச் சலித்துத் தவிட்டைக் கொட்டாதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் கூழையும் அளவோடு குடியுங்கள்.