நோயின் பெயரைப் பிரித்து எழுதுக

தமிழ்ப் பாடவேளையில் ‘பிரித்து எழுதுக’ என்றால் நாம் தயங்குவதில்லை. ஆனால் மருத்துவர் தரும் சீட்டில் ‘ஆஸ்டியோமைலைட்டிஸ்’ என்று கண்டால் மலைத்து விடுகிறோம். அதையும் பிரித்துப் பார்த்தால் என்ன?

கிரேக்க மொழியில் ‘ஆஸ்டியோன்’ என்பது எலும்பு. ‘மைலோஸ்’ என்பது அதனுள் இருக்கும் மஜ்ஜை. ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி. அதாவது சூடும் வீக்கமும் வலியும். மூன்றையும் சேர்த்தால் எலும்பிலும் மஜ்ஜையிலும் உண்டான அழற்சி என்று பொருள் கிடைத்து விடுகிறது. இவ்வாறே ‘ஆர்த்ரான்’ என்பது மூட்டு. ஆகவே ஆர்த்ரைட்டிஸ் மூட்டு அழற்சி. ‘போரோஸ்’ என்பது துளை. எலும்பு அடர்த்தி குறைந்து நொய்ந்து போவது ஆஸ்டியோபோரோசிஸ்.

ஒன்றை மறக்கலாகாது. ‘ஐட்டிஸ்’ என்னும் விகுதி அழற்சியைச் சொல்லுமேயன்றி அதன் காரணத்தைச் சொல்லாது. ஆர்த்ரைட்டிஸ் பெரும்பாலும் கிருமியின்றியே வரும். ஆஸ்டியோமைலைட்டிஸோ பெரும்பாலும் கிருமியால் வருவது. 1880ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் தோலில் வரும் கட்டியின் சீழிலும், இந்நோயுற்ற எலும்பின் சீழிலும் ஒரே வகைக் கிருமியைக் கண்டார். திராட்சைக் கொத்துப் போலத் தோன்றுவதால் அதற்குப் பின்னர் ‘ஸ்டபிலோகாக்கஸ்’ என்று பெயர் வந்தது.

சிறுவர் சிறுமியரிடம் இக்கிருமி இரத்தத்தின் வழியே சென்று, வளரும் எலும்பின் முனையருகே, பெரும்பாலும் முழங்காலை ஒட்டித் தங்குகிறது. சீழ் பெருகி இரத்த ஓட்டத்தைத் தடுத்தால் எலும்பின் ஒரு துண்டு இறந்து போகும். அதுவே ‘சீக்வெஸ்ட்ரம்’. அதைச் சுற்றி உடல் புதிதாக எழுப்பும் எலும்பு உறை ‘இன்வலூக்ரம்’. போர்வை என்று பொருள்.

நோயை இந்நிலைக்கு விடாமல் தடுக்க முடியும். காய்ச்சலோடு எலும்பில் ஒரே இடத்தில் வலி, காலை ஊன்ற முடியாமை இவற்றைக் கண்டால், சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து உருவி விட்டு நாளைக் கடத்தலாகாது. முதல் வாரத்தில் எக்ஸ்ரே படத்தில் மாற்றம் தெரியாமலும் போகலாம். அதனால் நோய் இல்லை என்று ஆகி விடாது. அன்றே மருத்துவரிடம் காட்டி, அவர் தரும் கிருமிக்கொல்லி மருந்தைச் சொன்ன நாள்வரை தவறாமல் உட்கொண்டால் பெரும்பாலான குழந்தைகள் நன்கு குணமடைகிறார்கள். சிலருக்குச் சீழை அகற்ற அறுவைச் சிகிச்சையும் தேவைப்படும்.

எனவே, தம்பியோ தங்கையோ “கால் வலிக்கிறது” என்று அழும்போது, பள்ளிக்கு மட்டம் போடச் சாக்குச் சொல்கிறாள் என்று சிரிக்காமல், முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம். சுட்டால் அம்மாவை அழைப்போம்.